மூடியை அறுத்துப் பாருங்கள்: பொறியியல் படித்துக் காப்புரிமை வழக்குக்கு வருகிறவர்களுக்கு

ஜொகூரில், செனாய் விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பினால், பிளாஸ்டிக் உருகும் வாடை முதலில் வரும். அந்த வாடைக்குள் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அப்பா கூலாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் 1985-இல் ஸ்கூடாய் யூடிஎம் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் சேர்ந்தேன். படிப்பு முடிந்ததும் இங்கே ஒரு மோல்ட் பட்டறை. இரவில் லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பைத் தபாலில் படித்து, சிஎல்பி என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுதி, முப்பத்தைந்து வயதில் வழக்கறிஞரானேன். பிறகு இருபத்திரண்டு வருடம் கோலாலம்பூரில் காப்புரிமை வழக்குகள். இப்போது மறுபடியும் செனாயில், பழைய பட்டறைக்குப் பக்கத்துத் தாமானில் இருக்கிறேன்.

சனிக்கிழமை மாலையில் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: "மாமா, நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சிட்டு லாயருக்குப் போனா, அந்த நாலு வருஷம் தண்டம்தானே?" வாயால் சொன்னது போதவில்லை, எழுதித் தாருங்கள் என்றாள். எழுதியிருக்கிறேன்.

1. தண்டமில்லை, அம்மா. ஆனால் கறுப்பு அங்கியை மாட்டியதும் பட்டறையை மறந்துவிட்டால் தண்டமாகிவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது.

நான் தனியாக நடத்திய முதல் பெரிய வழக்கு ஒரு சாஸ் போத்தல் மூடியைப் பற்றியது. திறந்து மூடும் மடிப்போடு கூடிய மூடி. எங்கள் கட்சிக்காரரின் காப்புரிமை, மூடியும் மடிப்பும் உடலும் ஒரே வார்ப்பாக இருப்பதைச் சொல்லியது. எதிர்த்தரப்பு அதையே செய்து விற்கிறது என்பது எங்கள் குற்றச்சாட்டு. கட்சிக்காரர் ஓர் ஒப்பீட்டு வரைபடம் தந்தார். இரண்டு மூடியும் அதில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. எதிர்த்தரப்பின் மூடி எட்டு மாதம் என் மேசைமேல் கிடந்தது. போன் பேசும்போதெல்லாம் அதைத் திறந்து மூடி விளையாடியிருக்கிறேன்.

குறுக்கு விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் பையிலிருந்து அந்த மூடியை எடுத்தார். நெடுக்காக அறுத்து வைத்திருந்தார். எங்கள் நிபுணர் கையில் கொடுத்து, கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார். மடிப்புக்குக் கீழே மயிரிழைபோல் ஒரு கோடு. மேல்மூடியைத் தனியாக வார்த்து, உடலின் பள்ளத்தில் செருகி, அல்ட்ராசோனிக்கில் ஒட்டியிருக்கிறார்கள். மூடியின் அடியில் ஒரு கேட் தழும்பு, உடலின் உட்புறத்தில் இன்னொன்று. இரண்டு துண்டின் வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. பிளாஸ்டிக் எந்த வழியாக அச்சுக்குள் இறங்கியது என்பதைக் காட்டும் அந்தத் தழும்பை, இருட்டில் விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவனாக இருந்தவன் நான். எட்டு மாதம் கையில் வைத்திருந்தும் பார்க்கவில்லை. வரைபடத்தையும் தீர்ப்புகளையும் மட்டும் பார்த்திருக்கிறேன்.

தோற்றோம். எதிர்த்தரப்பின் செலவையும் கட்சிக்காரர் கட்டினார். எதிரே நின்ற அந்த வழக்கறிஞர் பொறியியல் படித்தவரில்லை. அவர் செய்ததெல்லாம் மூடியை அறுத்துப் பார்த்ததுதான். அன்றிலிருந்து பொருள் கைக்கு வந்த அன்றே இரண்டு வாங்குவேன். ஒன்று சாட்சிக்கு, ஒன்று அறுப்பதற்கு.

2. வழியைப் பற்றிக் கேட்கிறீர்கள், அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உள்ளூர்ச் சட்டப் பட்டம், இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டமும் சிஎல்பியும். பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. காப்புரிமை முகவர் என்பது தனித் தேர்வு, அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தனிப் பதிவு. மனுவை எழுதிப் பதிவு செய்வது முகவர் வேலை, உயர்நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது நம் வேலை. மலாயை நன்றாகப் படியுங்கள். விசாரணை ஆங்கிலத்தில் ஓடலாம், ஆனால் பதிவு செய்யும் ஆவணம் தேசிய மொழியில் போகவேண்டும். "செங்குத்தான" என்பதை மலாயில் தவறாக எழுதியதற்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் திட்டு வாங்கிய ஜூனியரை எனக்குத் தெரியும்.

பட்டம் வாங்கிய கையோடு சட்டத்துக்குப் பாயாதீர்கள். மூன்று வருடமாவது ஒரு தொழிற்சாலையில் கை அழுக்காகட்டும். புத்தகத்தில் உள்ள சகிப்பளவு வேறு, வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்டில் வரும் சகிப்பளவு வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தவரைச் சாட்சிக் கூண்டில் இருக்கும் எந்த நிபுணரும் ஏமாற்ற முடியாது.

3. கிளைமைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காப்புரிமைப் பத்திரத்தில் படம் இருக்கும், நீண்ட விவரணை இருக்கும், கடைசியில் எண் போட்ட வாசகங்கள் இருக்கும். அவைதான் கிளைம், உரிமை கோரும் வாசகம். வேலிக்கு உள்ளே எது, வெளியே எது என்பதை அவை மட்டுமே சொல்கின்றன. ஒவ்வொரு கிளைமும் ஒரே வாக்கியம். அரைப்பக்கம் ஓடினாலும் முற்றுப்புள்ளி ஒன்றுதான்.

இதைப் படிக்கிற வித்தை எனக்குச் சட்டப் படிப்பில் கிடைக்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி எஸ்.பி.எம். இலக்கியம் வரை ஆசிரியர்கள் பதம் பிரிக்க வைத்தார்களே, அங்கே கிடைத்தது. நன்னூல் பொருள்கோளை எட்டாகப் பிரிக்கிறது. அதில் கொண்டுகூட்டு என்று ஒன்று உண்டு. எங்கோ நிற்கும் சொல்லை எதனோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பது. காப்புரிமை வழக்கில் பாதி இதுதான். "வளைந்த தண்டின் முனை" என்றால் வளைந்தது தண்டா, முனையா? கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு தொழிற்சாலை மூடுவதும் ஓடுவதும் அந்தப் பதிலில் நிற்கும். கிளைமை முதலில் பதவுரையாக எழுதுங்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி. பக்கத்தில் எதிர்த்தரப்புப் பொருளில் அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வரி காலியாக நின்றால் வழக்கு அங்கேயே நிற்கிறது.

ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடவும் கூடாது. இங்கிலாந்தின் கேட்னிக் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். கதவு ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் எஃகு உத்தரம் பற்றியது. கிளைம், பின்தகடு "செங்குத்தாக" எழும்புவதாகச் சொன்னது. எதிர்த்தரப்பு தகட்டை 6 பாகை, 8 பாகை சாய்த்துவிட்டு, எங்களுடையது செங்குத்து இல்லை என்றது. உங்கள் பொறியியலை இங்கே கொண்டு வாருங்கள். 6 பாகைக்குக் கொசைன் 0.9945. தாங்கும் வலுவில் குறைவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கட்டுமானத் தொழிலில் இருப்பவர் "செங்குத்து" என்று படிக்கும்போது வடிவியல் புத்தகத்துச் செங்குத்தையா நினைப்பார்? இல்லை என்றார் டிப்ளாக் பிரபு. பிரபுக்கள் சபை அதைக் காப்புரிமை மீறலாகவே தீர்த்தது. வாசகத்தை அதன் நோக்கம் அறிந்து படிக்க வேண்டும் என்ற முறை அங்கிருந்து நம் நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

4. "இது யாருக்கும் தோன்றியிருக்குமே" என்ற வாதத்தைக் கண்டு மயங்காதீர்கள். நம் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்று கேட்கிறது. புதிதாக இருக்கவேண்டும், தொழிலில் பயன்படவேண்டும், துறை தெரிந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாக இருக்கவேண்டும். மூன்றாவதுதான் மனிதரைப் படுத்தும். எல்லாம் தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத் தெரியும்.

இதற்கு உதாரணம் தேடி நம் ஊர்க்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம். டைசன் 2002-இல் தன் தூசி உறிஞ்சி உற்பத்தியை இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. செனாயிலேயே அதன் பொறியியல் கூடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மெஷினின் பாகங்களை வார்த்தும் பூட்டியும் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அதன் உள்ளே சுழலும் கூம்பின் கதை ஒரு மரப்பட்டறையில் தொடங்குகிறது. பட்டறைக் கூரைமேல் நிற்கும் பெரிய இரும்புக் கூம்பு மரத்தூளைக் காற்றிலிருந்து பிரிப்பதை ஜேம்ஸ் டைசன் பார்த்தார். துணி துவைக்கும் மெஷின் கடைசியில் வேகமாகச் சுற்றும்போது துணியின் தண்ணீர் வெளியே எறியப்படுகிறதல்லவா, அதே கணக்கு. காற்றைச் சுழற்றினால் கனமான தூள் ஓரத்துக்குப் போய்க் கீழே விழும். ஜொகூர் மரச்சாமான் தொழிற்சாலைகளிலும் அந்தக் கூம்பு நிற்கிறது, நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

அப்படியென்றால் அதில் என்ன புதுமை? ஹூவர் நிறுவனம் 'டிரிபிள் வார்டெக்ஸ்' என்ற மெஷினைக் கொண்டுவந்து, டைசன் வழக்குப் போட்டபோது கேட்டதும் இதைத்தான். கூம்பு பழையது, யாரும் செய்திருக்கலாம் என்றது. 2000 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றம் டைசன் பக்கம் தீர்த்தது, அடுத்த வருடம் மேல்முறையீடும் தோற்றது. வழக்கில் எடைபெற்ற ஒன்றைக் கவனியுங்கள். தூசி உறிஞ்சித் தொழிலே பையைச் சுற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தது. பை நிறைந்தால் உறிஞ்சும் வேகம் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல பை செய்யத்தான் முயன்றார்களே தவிர, பையே வேண்டாம் என்ற பக்கம் யாரும் திரும்பவில்லை. கூம்பு எல்லார் தலைக்கு மேலும் நின்றது. டைசன் அதை வீட்டு மெஷினுக்குள் இறக்க 5,127 மாதிரிகள் செய்தார்.

ஆகவே ஒரு கண்டுபிடிப்பை எளிது என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, அன்றைக்கு அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று தேடுங்கள். அந்தக் காலத்துக் கையேடுகள், தோற்றுப்போன மாதிரிகள், விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் வேண்டும். பட்டறையில் வேலை செய்தவருக்கு எங்கே தேடவேண்டும் என்று தெரியும்.

5. அதே நேரத்தில், உண்மையிலேயே பழையதாக இருந்தால் அதை நிரூபிக்கத் தயங்காதீர்கள். பாய்மரப் பலகை, அதாவது விண்ட்சர்ஃபிங் வழக்கைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1968-இல் பதிவான காப்புரிமை அது. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம், 1958-இல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பலகையில் பாயைக் கட்டி ஓட்டியிருந்தான். அவன் பாயைத் தாங்கிய கட்டை நேரானது, காப்புரிமையில் இருந்தது வளைந்தது. ஆனால் காற்றில் பாய் விரியும்போது பையனின் கட்டையும் வளைந்துகொடுத்தது. அதைக் கவனித்துச் சொன்னவர் பொருளை ஓடும் நிலையில் பார்த்தவர். மேசைமேல் கிடத்திப் பார்த்தவருக்கு அது தெரியாது.

நம் மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை மஞ்சளால் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல் ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் எதிர்த்தது. 1997-இல் அது ரத்தானது. நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததுதானே என்ற கோபம் நியாயமானது. ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டு வழக்கம் மட்டும் போதாது, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். பழைய நூல்களையும் 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க இதழின் கட்டுரையையும் காட்டித்தான் வென்றார்கள். மலேசியச் சட்டம் உலகில் எங்கே எந்த வழியில் வெளிப்பட்டாலும் ஏற்கும், பயன்பாடு உட்பட. ஆனாலும் நீதிபதியின் முன் வைக்கத் தேதியோடு ஒரு காகிதமோ, சத்தியம் செய்து சொல்ல ஒரு மனிதரோ வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பழைய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

6. நிபுணர் சாட்சிக்கு வார்த்தையை ஊட்டாதீர்கள். நீங்களும் பொறியாளர் என்பதால் ஆசை வரும். அவர் எழுதியதைத் திருத்தி, நன்றாக்கி, உங்கள் வாக்கியத்தை அவர் வாயில் வைக்கத் தோன்றும். முதல் குறுக்குக் கேள்வியிலேயே அது அவர் வாக்கியமில்லை என்று தெரிந்துவிடும். பிறகு அவர் சொன்ன உண்மையும் எடுபடாது.

7. இடைக்காலத் தடையாணையின் கனத்தை உணருங்கள். இதற்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் பஜாஜ், டிவிஎஸ் வழக்கைப் படிக்காமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. ஓசூர் டிவிஎஸ் 2007-இல் 'ஃபிளேம்' என்ற 125 சிசி மோட்டார் சைக்கிளை அறிவித்தது. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அது தங்கள் டிடிஎஸ்-ஐ காப்புரிமை, எண் 195904, என்றது பஜாஜ். அந்தக் காப்புரிமை 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை துளை விட்டமுள்ள சின்ன எஞ்சினில் இரண்டு பிளக் வைப்பதைப் பற்றியது. எங்களுடையதில் மூன்று வால்வு, அது வேறு எஞ்சின், இரண்டு பிளக்கும் பழைய சங்கதி என்றது டிவிஎஸ்.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். டிவிஎஸ் ஒரே பிளக்கோடு வண்டியை வெளியிட்டது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகள் இடைக்கால உத்தரவிலேயே வருடக்கணக்கில் இழுபடுவதைக் கண்டித்து, நாள்தோறும் விசாரித்து முடிக்கச் சொன்னது. அப்படியும் 2019-இல் இரு தரப்பும் சமரசத்தில்தான் முடித்தார்கள். அதற்குள் சந்தை எங்கோ போய்விட்டது.

தடை கேட்கும்போது ஒரு அசெம்பிளி லைன் நிற்கப்போகிறது என்று நினையுங்கள். அந்த லைனில் நிற்பவர்கள் யார் என்று செனாயில் வளர்ந்தவருக்குச் சொல்லவேண்டாம். கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுத்தான் ஆகவேண்டும், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பொருளை அறுத்துப் பார்க்காமல், கிளைமை வரிவரியாக வைத்துப் பார்க்காமல், மிரட்டுவதற்காக மட்டும் ஒரு தடையையும் கேட்டதில்லை.

8. ஒரு தீர்ப்பை மனப்பாடம் செய்துவிட்டு அதன்மேல் தூங்காதீர்கள். 2015-இல் சுருள் கதவு பற்றிய எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விதி சொன்னது. முதன்மைக் கிளைம் விழுந்தால் அதைச் சார்ந்த கிளைம்களும் தாமாக விழும். மரம் சாய்ந்தால் கிளையும் சாயும் என்று நாங்கள் எல்லாரும் அப்படியே வாதாடினோம். 2019-இல் எலும்புத் தேய்வு மருந்து பற்றிய மெர்க், ஈப்போ ஹோவிட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த விதியைக் கைவிட்டது. சார்ந்த கிளைமில் கூடுதலாக ஏதோ சொல்லியிருக்கிறது அல்லவா, அதைத் தனியாக எடைபோட்டுத்தான் தீர்க்கவேண்டும் என்றது. பொறியாளர் கண்ணுக்கு இரண்டாவதுதான் சரி. கூடுதலாகச் சேர்த்த ஓர் உறுப்பு சில சமயம் முழுப் பொருளையும் புதிதாக்கிவிடும். ஆனால் நான்கு வருடம் நாட்டின் சட்டமாக இருந்தது முதலாவது.

9. தொழில் முனைவோர் யாராவது உங்களிடம் வந்து "ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்" என்றால், முதல் கேள்வி: யாரிடம் காட்டினீர்கள்? மலேசியாவில் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் மனு போட ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கண்காட்சியில் வைத்தாலோ, மச்சான் எடுத்த வீடியோவை முகநூலில் போட்டாலோ, அங்கே கதை முடிந்தது. இரண்டாவது கேள்வி: வெளிநாட்டில் நேராக மனு போட்டீர்களா? மலேசியாவில் வசிப்பவர் முதலில் இங்கே மனு போட்டு இரண்டு மாதம் பொறுக்கவேண்டும், அல்லது பதிவாளரின் எழுத்து அனுமதி வாங்கவேண்டும். சிங்கப்பூர் பாலம் தாண்டி அரை மணி நேரம்தான் என்பதால் ஜொகூர்க்காரர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள். காப்புரிமை கிடைத்தால் மனு போட்ட நாளிலிருந்து இருபது வருடம். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, அதைக் கட்ட மறந்து உரிமையை இழந்தவர்களும் உண்டு.

10. கண்டுபிடித்தவரின் பெயர் விடுபட விடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்று தோன்றுகிறது.

நான் பட்டறையில் இருந்தபோது மூத்த டெக்னிஷியன் ஒருவர் இருந்தார். மூன்றாம் பாரம்வரை படித்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அச்சிலிருந்து வெளிவரும் மெல்லிய தட்டு ஆறும்போது முறுக்கிக்கொள்ளும். எஞ்சினியர்கள் நாங்கள் வெப்பநிலையை மாற்றி, அழுத்தத்தை மாற்றி, இரண்டு வாரம் தோற்றோம். அவர் பழைய அலுமினியத் துண்டுகளை அரத்தால் தேய்த்து ஒரு ஜிக் செய்தார். தட்டை எதிர்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வளைத்துப் பிடித்து ஆறவிட்டார். விட்டதும் அது நேராக வந்து நின்றது. அன்று இரவு ஷிஃப்ட் முழுவதும் அவர் அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜிக் பல வருடம் ஓடியது. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் காலமாகிவிட்டார். எனக்கு அப்போது சட்டம் தெரியாது.

இப்போது தெரியும். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் செய்யும் கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்குப் போகும் என்கிறது நம் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு, அந்தக் கண்டுபிடிப்பு இருவரும் எதிர்பார்க்காத அளவு பெரும் பொருளாதார மதிப்பைத் தந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் உண்டு என்றும், அதை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம் என்றும் சொல்கிறது. அவரே எழுத்தில் வேண்டாம் என்றால் ஒழிய, கண்டுபிடித்தவர் பெயர் காப்புரிமையில் வரவேண்டும். முதலாளிகளுக்காகவே வாதாடினாலும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயரை விட்ட காப்புரிமை பிறகு வழக்கில் தொல்லை தரும் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். மனுவுக்கு விவரம் சேகரிக்கப் போகும்போது அலுவலக அறையில் மட்டும் உட்காராதீர்கள். தளத்துக்கு இறங்கி, "இதை முதலில் செய்து பார்த்தது யார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவரிடம் போய்ப் பேசுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் இப்படிக் கேட்டு, ஒரு மனுவில் மூன்றாவது பெயராக ஓர் இயந்திர ஓட்டுநரைச் சேர்க்க வைத்தேன். சான்றிதழ் வந்ததும் அதன் நகலைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அவர் மகள் இப்போது யூடிஎம்மில்.

11. தோற்கும் வழக்கைத் தோற்கும் என்று சொல்லுங்கள். கட்சிக்காரர் எரிச்சலோடு வேறு ஆளிடம் போகலாம், போகட்டும். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருவார்கள். என்னிடம் வந்திருக்கிறார்கள்.

12. சனிக்கிழமை வரும்போது வெறும் கையோடு வராதீர்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள், கேஸ் அடுப்பு லைட்டரோ, ஷாம்பு பம்போ, அதைக் கொண்டு வாருங்கள். அதன்மேல் காப்புரிமை எண் அச்சடித்திருந்தால் அதை இணையத்தில் தேடி, முதல் கிளைமைக் கையால் எழுதி எடுத்து வாருங்கள். ரம்பமும் வைஸும் என்னிடம் இருக்கின்றன. வெர்னியர் காலிப்பர் உங்களுடையதாக இருக்கட்டும்.